படியெடுக்கப் பிறந்த முகம்

எகிப்து தேசத்து ராணி நெஃபர்டீட்டியின் பிரதிமையை நேரில் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பார்கள். அந்த முகத்தை அறவே அறியாதவர்களோ அவர்களிலும் குறைவு. பின்பக்கமாகச் சாய்ந்து உயர்ந்து உச்சியில் தட்டையாக முடிகின்ற அந்த நீலக் கிரீடத்தையும், அதன் கனத்தைத் தாங்குவதற்கென்றே முன்னுக்கு நீண்ட அந்தக் கழுத்தையும், பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தின் மங்கிய படத்திலோ, அழகு நிலையம் ஒன்றின் பெயர்ப்பலகையிலோ, வாசனைத் திரவியக் குப்பியின் அட்டைப்பெட்டியிலோ, யாரோ ஒரு பெண்மணியின் கழுத்துச் சங்கிலிப் பதக்கத்திலோ, என்றோ ஒரு நாள் பார்த்து, பெயர் தெரியாமலே மனத்தில் இருத்திக்கொண்டவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். நானும் அந்தப் பிரதிமை இருக்கும் பெர்லினுக்குப் போனவனல்லன். ஆக, நாம் அறிந்ததெல்லாம் பிரதிகளைத்தான். மூலத்தைப் பற்றி எழுதுவதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டாக எழுதியும் வருகிறார்கள். என் மனத்தை நெடுநாளாகப் பிடித்து வைத்திருப்பது பிரதிகளின் சரித்திரம். அந்தப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு இக்காலக் கலைஞர்கள் சிலர் செய்திருக்கும் காரியங்களைப் பற்றி இன்று சற்று விஸ்தாரமாகவே எழுத உத்தேசித்திருக்கிறேன்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, நைல் நதியின் கிழக்குக் கரையில், அமர்னா என்று இன்று வழங்கும் இடத்தில், லுத்விக் போர்ஷார்ட் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளரின் மேற்பார்வையில் நடந்துகொண்டிருந்த அகழ்விலே, முகம்மது அஹமது அஸ்-ஸனூஸி என்ற எகிப்தியத் தொழிலாளியின் கைகள் மண்ணை மெல்ல விலக்கி வெளியே எடுத்ததுதான் இந்தப் பிரதிமை. உயரம் சுமார் 50 செ.மீ.; எடை சுமார் 20 கிலோ; வயதோ ஏறத்தாழ 3,350 ஆண்டுகள். வர்ணங்கள் அன்று தீட்டியவைபோல் இருக்கக் கண்ட போர்ஷார்ட், வருணித்துப் பயனில்லை, கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்ற கருத்துப்படத் தம் குறிப்பில் எழுதி வைத்தார். எல்லாரும் சொல்லும் கதை இதுவரையில் சரிதான். ஆனால் அது கிடைத்த இடம் எது என்பதைப் பலர் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று தோன்றுகிறது.

அது கோயில் அன்று, அரண்மனை அன்று, கல்லறையும் அன்று. துட்மோஸ் என்ற சிற்பியின் வீடும் பட்டறையும் சேர்ந்த கட்டடம் அது. ராணியின் கணவனான ஃபாரோ அக்னாட்டன் அங்கே புதிதாக எழுப்பிய தலைநகரம் அவனுக்குப் பின் வெகு விரைவில் கைவிடப்பட்டபோது, சிற்பியும் பட்டறையைக் காலிசெய்துகொண்டு போனான்; போகிறபோது தேவையற்றவை என்று விட்டுச்சென்ற பொருள்களோடு இந்த ராணியும் கிடந்தாள். அதே கட்டடத்தில் சுண்ணச்சாந்தில் வார்த்த மனித முகங்களும் பல அகப்பட்டன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த எகிப்தியல் அறிஞர்கள் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் இதுதான்: வழிபாட்டுக்கோ, கொலு மண்டபத்துக்கோ செய்யப்பட்ட சிற்பம் அன்று இது, ராணியின் உருவம் இன்ன அளவில், இன்ன வர்ணத்தில், இன்ன லட்சணத்தில் அமையவேண்டும் என்று பட்டறையின் மற்றச் சிற்பிகளுக்குக் காட்டுவதற்காகத் தலைமைச் சிற்பி செய்து வைத்துக்கொண்ட மாதிரி உருவம். தேசமெங்கும் எழவேண்டிய ராணியின் உருவங்கள் இதைப் பார்த்து அமையவேண்டும். அதாவது, உலகம் இன்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, இரண்டாவது ஒன்று இல்லாத ஏக வஸ்து என்று கொண்டாடுகிற இந்த முகம், படியெடுப்பதற்கென்றே பிறந்த முகம்.

இதை ஒப்புக்கொண்டால், அதன் இடது கண் ஏன் வெறுமையாக இருக்கிறது என்ற பழைய கேள்விக்கும் ஒருவாறு விடை கிடைக்கிறது. வலது கண்ணில் ஸ்படிகம் பதித்து, கருமணியைத் தேன்மெழுகால் ஒட்டியிருக்கிறான் சிற்பி; இடது கண்ணிலோ வெறும் சுண்ணக்கல் குழி. பதித்த கல் விழுந்துவிட்டது என்று தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, பதித்ததற்கான அடையாளமும் அந்தக் குழியில் இல்லை. மாதிரிக்கு ஒரு கண் போதும் என்று நிறுத்திவிட்டான் போலும். நம் ஸ்தபதிகள் விக்ரகத்தின் மற்ற வேலைகளெல்லாம் பூர்த்தியான பிறகு, நல்ல வேளை பார்த்துக் கடைசியில்தான் கண் திறக்கிறார்கள். கண் திறக்கும்வரை அது கல், திறந்த பிறகே தெய்வம். அந்த மரபில் வளர்ந்த நம் கண்ணுக்கு, ஒரு கண் திறந்தும் ஒரு கண் திறவாமலும் நிற்கும் இந்த ராணி, வேலை நடந்துகொண்டிருக்கும் உருவமாகவே தோற்றுகிறாள்.

என் மேஜைமேல் இருக்கும் நெஃபர்டீட்டிக்கு இரண்டு கண்களும் உண்டு. வேலை நிமித்தம் கெய்ரோ சென்றுவந்த என் தமக்கையின் மகன், கான் எல்-கலீலி கடைத்தெருவில் வாங்கிவந்த ஒரு சாண் உயரப் பொம்மை அது. கொடுக்கும்போது, "ஒரு கண் இல்லாததைத்தான் மாமா கடைக்காரன் முதல்லே எடுத்துக் காட்டினான். மூளியா இருக்கறதை வீட்டுக்கு எடுத்துண்டு போகக் கூடாதுன்னு ரெண்டு கண்ணும் இருக்கறதாப் பார்த்து வாங்கினேன்" என்றான். அவனுடைய அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூலத்தில் உடைந்திருக்கும் காதுகள் இதில் முழுசாக இருந்தன. நெற்றியில் ஒடிந்துபோன அரச நாகம் இதில் படமெடுத்து நின்றது. உதட்டுச் சிவப்பு கோடு தாண்டிச் சிறிது வழிந்திருந்தது. அடிப்பாகத்தில் அச்சின் இரண்டு பாதிகளும் கூடிய தையல் மேடு தேய்க்கப்படாமல் இருந்தது. பெயர் தெரியாத அந்தக் கெய்ரோ கைவினைஞன், துட்மோஸ் நிறுத்திய இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்து முடித்து வைத்திருக்கிறான் என்றுதான் நான் எண்ணினேன். அங்கஹீனமில்லாத ராணியை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் ஜனங்கள் இருக்கும்வரை, அவளுக்கு இரண்டாவது கண் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மூலம் என்று நாம் சொல்வதும் உள்ளே இரண்டாக இருக்கிறது என்பது 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பெர்லினிலுள்ள ஷாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், நோயாளியைப் பரிசோதிப்பதுபோல் இந்தப் பிரதிமையை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மேலே நாம் காண்பது சுண்ணச்சாந்துப் பூச்சு. முகத்தில் அது மிக மெல்லியது. அதனடியில் சுண்ணக்கல்லில் செதுக்கிய வேறொரு முகம் இருக்கிறது; வாயோரங்களில் சுருக்கம், மூக்குத்தண்டில் ஒரு சிறு புடைப்பு, கன்ன எலும்பு சற்றுத் தாழ்வு. கல்லில் செதுக்கியவன் கண்ட மூப்பை, சாந்து பூசியவன் சமன்செய்து மறைத்திருக்கிறான். இருவரும் ஒருவனேயாகவும் இருக்கலாம். எப்படியாயினும், உலகப் பிரசித்தி பெற்ற அந்த ஸௌந்தர்யம், முதலில் செதுக்கிய முகத்தின்மேல் எழுதிய ஒரு திருத்தம்.

அமர்னா அகழ்வுக்குப் பணம் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸைமன் என்ற பெர்லின் பருத்தி வியாபாரி. யூதர், பெரிய தர்மவான். அக்காலத்து வழக்கப்படி, கிடைத்த பொருள்களை எகிப்து அரசும் அகழ்ந்தவர்களும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்ட 1913 ஜனவரியில், ராணி ஜெர்மானியர் பங்கில் சேர்ந்தாள். அந்தப் பங்கீடு நேர்மையாக நடந்ததா, போர்ஷார்ட் அவளுடைய பெருமையை மறைத்தாரா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. 1924இல் பொதுமக்கள் பார்வைக்கு அவளை வைத்ததும் எகிப்து கேட்கத் தொடங்கியது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸைமன் அவளை 1920இல் பெர்லின் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். கொடுத்தவரே பத்து ஆண்டுகளுக்குப் பின், எகிப்துக்கு அவளைத் திருப்பித் தரும் யோசனைக்கு ஆதரவாகப் பகிரங்கமாக எழுதினார் என்பது, இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடும் செய்தி.

ஆனால் நான் சொல்ல வந்தது 1913இல் நடந்த வேறொரு காரியம். ஸைமன் தம் வீட்டில் ராணியை வைத்திருந்தபோது, டீனா ஹைம் என்ற இளம் சிற்பியை அழைத்து அவளைப் படியெடுக்கச் சொன்னார். ஒரு பிரதி சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியத்துக்குச் சென்றது. உலகம் மூலத்தைப் பார்ப்பதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே பிரதிகள் பிறந்துவிட்டன. இந்த டீனா ஹைமின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. ஓவியரான கணவரோடு 1930களின் ஆரம்பத்தில் கீழ்த்திசை நாடுகளுக்குப் பயணம் போனவர், யூதராகையால் ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்ப வழியின்றி, பாலி, ஜாவா, சீனம், மலாயா என்று ஊர் ஊராகத் தங்கி, ஆங்காங்குள்ள சாதாரண ஜனங்களின் முகங்களை வடித்துக்கொண்டிருந்தார். 1940இல் பிரிட்டிஷ் அதிகாரிகள், ஜெர்மானியர் என்ற காரணத்தால் தம்பதியரைப் பகைநாட்டாராகக் கொண்டு சிங்கப்பூரிலிருந்து கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, டாட்டுரா முகாமில் அடைத்தார்கள். விடுதலை பெற்று மெல்போர்ன் நகரில் குடியேறிய டீனா, 1974இல் அங்கேயே காலமானார். ராணியை முதன்முதல் படியெடுத்த கை, ராணியைப்போலவே பிறந்த மண்ணைவிட்டு வெகுதூரத்தில் ஓய்ந்தது.

இன்று பெர்லினில் அரசாங்கத்தைச் சேர்ந்த அச்சு வார்ப்பகம் ஒன்று இருக்கிறது, 1819இல் நிறுவப்பட்டது. உலகின் பழஞ்சிற்பங்களுடைய ஆயிரக்கணக்கான அச்சுகள் அங்கே உண்டு. அங்கே வார்த்து, கையால் வர்ணம் தீட்டிய நெஃபர்டீட்டி பல ஆயிரம் யூரோ விலைக்கு விற்கிறாள். அந்தப் பிரதியில் இடது கண்ணை வெறுமையாகவே விடுகிறார்கள். காது உடைசலையும் அப்படியே காட்டுகிறார்கள். குறையையும் பிழையின்றிப் படியெடுப்பதற்கே அந்த விலை. கெய்ரோக் கடைத்தெருவில் குறையை நிரப்பிக் கொடுப்பதற்குச் சில பவுண்டுகள்தாம் கிடைக்கின்றன.

இப்போது கலைஞர்களிடம் வருகிறேன். அமெரிக்காவில் ஃபிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர், 1993இல் செய்த படைப்பு ஒன்று நியூயார்க்கிலுள்ள புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் 'கிரே ஏரியா'. அதற்கு அவர் சிற்பம் எதையும் செதுக்கவில்லை. கடையில் கிடைக்கும் நெஃபர்டீட்டி சுண்ண வார்ப்புகள் ஐந்தை எடுத்துக்கொண்டார். ஐந்தும் ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே முகம். ஒன்றுக்கு ஓட்ஸ் கஞ்சியின் வெளுப்பு. அடுத்ததற்கு அதைவிடச் சற்று அடர்ந்த நிறம். இப்படியே ஏறி, ஐந்தாவது கடுங்கறுப்புக்குச் சற்று முந்திய சாக்லேட் நிறத்தில் முடிகிறது. சுவரில் ஐந்து தாங்குபலகைகள் மீது ஐந்து ராணிகளும் வரிசையாக வீற்றிருக்கிறார்கள். இவ்வளவுதான் படைப்பு.

அதன் புகைப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கிற ஒவ்வொருவரும் தம்மையறியாமல் ஒரு காரியம் செய்கிறோம்: இந்த ஐந்தில் வாஸ்தவமான ராணி எவள் என்று கண் தேடுகிறது, தேடி ஒன்றில் போய் நிற்கிறது, நின்ற பிறகுதான், ஏன் அதில் நின்றோம் என்று மனம் கேட்கிறது. எகிப்து ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்ற பூகோள உண்மையை ஐரோப்பிய நூலாசிரியர்கள் எத்தனை காலம் மறைத்தும் மழுப்பியும் எழுதினார்கள் என்பதையும், அதற்கு எதிராகக் கறுப்பின மக்கள் அந்த ராணியை எவ்வளவு ஆசையோடு தங்கள் பாட்டியாக வரித்துக்கொண்டார்கள் என்பதையும், ஒரு கட்டுரையும் எழுதாமல் ஐந்து பொம்மைகளால் நிறுத்திக் காட்டிவிட்டார் வில்சன். மூலத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. மூலம் ஒன்றுதான், அதற்கு ஒரு நிறம்தான். கல்யாண விளம்பரங்களில் 'நல்ல சிவப்பு' என்றும் 'மாநிறம்' என்றும் பெண்களைத் தரம்பிரித்து அச்சிட்டுப் பழகிய நம் சமூகத்துக்கும் இந்த ஐந்து தலைகளும் நன்றாகவே விளங்கும். அவற்றின்முன் நிற்கும்போது நம் கண் எதில் போய் நிற்கும் என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

லொரெய்ன் ஓ கிரேடி என்ற கலைஞரின் வழி இதிலும் அந்தரங்கமானது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு பாஸ்டன் நகரில் பிறந்தவர் இவர். டெவோனியா என்ற தமக்கையோடு நெடுங்கால மனத்தாங்கல். அது தீர்ந்து நெருங்கிவந்த சில காலத்திலேயே தமக்கை இளவயதில் இறந்துபோனாள். பிறகு எகிப்துக்குப் போன ஓ கிரேடி, கெய்ரோ வீதிகளில் தம் சாயலுள்ள முகங்களையே கண்டார். 1980இல் தமக்கையின் படங்களையும் நெஃபர்டீட்டியின் படங்களையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்; அதிலிருந்து 1994இல் 16 இணைப் புகைப்படங்களாக ஒரு குடும்ப ஆல்பம் தொகுத்தார். ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் தமக்கை. இங்கே அமர்னாவின் இளவரசி, அங்கே தமக்கையின் மகள். புருவத்தின் வளைவு ஒன்று, தாடையின் கோடு ஒன்று. சரித்திரப் புத்தகத்தில் எல்லாருக்கும் பொதுவாக அச்சிட்ட ஒரு சிற்பத்தின் படம், ஒரு தங்கையின் துக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. அன்றாட வாழ்வில் ஒரு பழஞ்சிற்பத்துக்கு இதைக் காட்டிலும் மேலான பொருள் எது இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பெர்லினிலேயே வாழும் இஸா கென்ஸ்கன், அருங்காட்சியகப் பிரதிகளை உயரமான வெள்ளைப் பீடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். எல்லாரும் உற்றுப் பார்த்துக்கொண்டேயிருக்கும் பெண்ணுக்கு அந்தக் கண்ணாடி ஓர் ஒதுக்கிடம் கொடுக்கிறது. குறைக்கண் எது, நிறைக்கண் எது என்பதும் மறைந்துபோகிறது. ஹங்கேரியின் 'லிட்டில் வார்சா' என்ற இரட்டையர், ஆந்திராஷ் காலிக், பாலின்ட் ஹவாஷ், 2003இல் செய்தது இதற்கு நேர்மாறு. அவர்கள் ராணிக்கு ஒரு வெண்கல உடம்பு வார்த்து, அருங்காட்சியகத்தின் சம்மதத்தோடு மூலப் பிரதிமையையே சில மணி நேரம் அதன் கழுத்தில் வைத்துப் படம்பிடித்து, தலையில்லாத உடம்பையும் அந்தப் படத்தையும் வெனிஸ் கலைவிழாவுக்கு அனுப்பினார்கள். எகிப்தில் கோபம் மூண்டது. அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கட்சி. பிரதியை என்ன செய்தாலும் அது பிரதிக்கும் செய்தவருக்கும் உள்ள விவகாரம். பாத்தியதை தீராத ஒரு பொருளை, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கண்ணெதிரே எடுத்து விளையாடுவது வேறு.

அந்தக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் தெருக்களில் ராணி எப்படி வாழ்கிறாள் என்று பார்த்தால், அங்கே அவள் ஐந்து பியாஸ்டர் நோட்டில் அச்சாகிக் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் கைமாறியவள். 2012இல், புரட்சிக்குப் பிந்திய கெய்ரோவில், எல் ஸெஃப்ட் என்ற புனைபெயர் கொண்ட சுவரோவியர், முகம்மது மஹ்மூத் தெருவில் அவளுடைய முகத்துக்குக் கண்ணீர்ப்புகையைத் தடுக்கும் முகமூடி மாட்டி வரைந்தார். போராட்டக் களத்தில் நின்ற எகிப்தியப் பெண்களைப் போற்றி வரைந்த ஓவியம் அது. தெருக்களில் பெண்களுக்கு நேர்ந்த பாலியல் வன்செயல்களை எதிர்த்து ஊர்வலம் சென்றவர்கள் அதைப் படியெடுத்துப் பதாகைகளில் ஏந்தினார்கள். துட்மோஸ் செய்த மாதிரியின் கிரீடமும் கழுத்தும் மாத்திரம் அதில் எஞ்சியிருந்தன. அவ்வளவிலேயே தூரத்திலிருந்து அடையாளம் தெரிந்தது.

2015இல் மின்யா மாகாணத்தின் சமாலூத் நகரில் நடந்ததைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது நியாயமாகாது. அமர்னா அந்த மாகாணத்தைச் சேர்ந்ததுதான். ராணி அந்த மண்ணுக்குரியவள். நகரின் நுழைவாயிலில் அவளுடைய பெரிய சிலை ஒன்றை வைத்தார்கள். முகம் வீங்கி, உதடு தடித்து, கழுத்து குறுகி, பார்க்கவே பரிதாபமாக அமைந்துவிட்டது. புகைப்படங்கள் பரவின, ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் என்று தேசம் முழுவதும் நகைத்தது, சில நாள்களில் சிலையை எடுத்துவிட்டார்கள். நகைத்தவர்களுடைய மனவேதனையை நான் உணர்கிறேன். தங்கள் ராணி இப்படி நிற்கலாமா என்ற மானவுணர்ச்சி அது. ஆயினும் அந்தச் சிலையைச் செய்தவரின் நிலையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அவருடைய மாகாணத்தின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரி உருவம் இருப்பது கடல் கடந்த தூரத்தில். துட்மோஸின் பட்டறையில் வேலைசெய்த கடைநிலைச் சிற்பிக்குக்கூட, வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் மாதிரி கண்ணெதிரே இருந்தது. 3,300 ஆண்டுகளுக்குப் பின்வந்த அதே மாகாணத்துச் சிற்பிக்கு அந்த வசதி இல்லை.

அந்த வசதியை உண்டாக்கும் பிரயத்தனமாகத்தான், அதே 2015இன் இறுதியில் நோரா அல்-பத்ரி, யான் நிகோலாய் நெல்லெஸ் என்ற கலைஞர் இருவர் செய்த காரியத்தை நான் காண்கிறேன். பெர்லினின் நோயஸ் மியூசியத்தில் ராணி இருக்கும் வடக்குக் குவிமாட அறையில் புகைப்படம் எடுக்கவும் அனுமதியில்லை. பார்வையற்றவர்கள் தொட்டறிவதற்கு ஒரு வெண்கலப் பிரதி வைத்திருக்கிறார்களேயன்றி, மூலம் கண்ணாடிக்குள்தான். அந்த அறைக்குள் வீடியோ விளையாட்டுக் கருவியொன்றின் உணரியை மேலாடைக்குள் மறைத்துக் கொண்டுபோய், ராணியை முப்பரிமாணமாக அளந்துவிட்டோம் என்று அறிவித்து, அந்தக் கோப்பை ஹாம்பர்கில் நடந்த கணினி வல்லுநர் மாநாட்டில் உலகுக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து அச்சிட்ட தலை ஒன்றைக் கெய்ரோவில் காட்சிக்கு வைத்தார்கள். விரைவிலேயே சந்தேகங்கள் எழுந்தன. அவ்வளவு நுட்பமான அளவுகளை அந்தச் சாதாரணக் கருவி எடுத்திருக்கவே முடியாது, அது அருங்காட்சியகமே முன்பு எடுத்த அளவுகளிலிருந்தோ, விலையுயர்ந்த பிரதி ஒன்றிலிருந்தோ வந்திருக்கவேண்டும் என்று வல்லுநர்கள் வாதித்தார்கள். அவர்கள் வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் அதனால் அந்தப் படைப்பின் கௌரவம் குறைந்ததாக நான் எண்ணவில்லை. ராணியின் அளவுகளை ஒரு நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது என்ற செய்தியே அதற்குப் பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது.

பூட்டு இருந்தது உண்மைதான். அமெரிக்கரான காஸ்மோ வென்மன் என்ற கலைஞர், ஜெர்மனியின் தகவல் உரிமைச் சட்டத்தைத் துணைக்கொண்டு, அருங்காட்சியகத்தை நடத்தும் பிரஷ்யப் பண்பாட்டு அறநிலையத்திடம் அதிகாரபூர்வமான அளவுக் கோப்பைக் கேட்டார். கொடுத்தால் எங்கள் பிரதி வியாபாரம் கெடும் என்று பதில் வந்தது. மூன்று ஆண்டு வழக்காடிய பிறகு, 2019இல் ஒரு சிறு யூஎஸ்பி கருவியில் கோப்பு வந்துசேர்ந்தது. திறந்து திருப்பிப் பார்த்தால், ராணியின் மார்புக்கு அடியில், தட்டையான பரப்பில், உரிம நிபந்தனை எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. துட்மோஸ் பொறிக்காத எழுத்துகள் அவை. பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். வியாபாரம் மட்டும் கூடாது.

இந்த ஒரு நிபந்தனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மூலம் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய வழக்கை அரசாங்கங்கள் பேசித் தீர்க்கட்டும். என் கட்சி எகிப்தின் பக்கம்தான் என்றாலும், அது நாளையே தீராது என்பதை அறிவேன். ஆனால் அளவுகள் விஷயத்தில் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அந்தக் கோப்பை வைத்துப் பெர்லினில் ஒரு மாணவன் பொழுதுபோக்காக அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். வாஷிங்டனில் ஒரு பேராசிரியர் வகுப்பில் காட்டலாம். கான் எல்-கலீலியில் ராணியை வார்த்து, வர்ணம் பூசி, விற்று, அதில் வரும் காசில் குடும்பம் நடத்துகிறவன் மாத்திரம் தொடக்கூடாது. அவன் துட்மோஸின் தொழிலைச் செய்கிறவன். பட்டறை மாதிரி யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவனுக்கே அது மறுக்கப்படுகிறது. பெர்லினிலுள்ள அறநிலையம் அந்த நிபந்தனையை நீக்கி, அடிப்புறத்து எழுத்துகளை அழித்து, கோப்பை எகிப்தின் கைவினைஞர்களுக்கு நிபந்தனையின்றி அளிக்கவேண்டும். அதற்கு ராணியைப் பேழையைவிட்டு ஓர் அங்குலம்கூட நகர்த்தவேண்டியதில்லை.